எழுத்து பொடியாகத் தெரிகிறதா? ரெசல்யூஷனைத் தொடாதீர்கள்: ஸ்கேலிங், ஃபாண்ட் அளவு முழு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் இ-சேவை மையத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போனாலும் இதைப் பார்க்கலாம். புது லேப்டாப் வாங்கியிருப்பார்கள், எழுத்து பொடியாகத் தெரிந்திருக்கும், உடனே யாரோ ரெசல்யூஷனை, அதாவது படத்தை எத்தனை புள்ளியில் வரைவது என்ற எண்ணிக்கையை, குறைத்து வைத்திருப்பார்கள். எழுத்து பெரிதாகிவிட்டது, சரிதான். ஆனால் திரை முழுக்க ஒரு மங்கல் ஏறியிருக்கும், அந்த மங்கலிலேயே நாள் முழுக்கப் பட்டா, சிட்டா, அடங்கல் என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் விண்ணப்பம் திரும்பி வரும், விண்ணப்பித்தவர் மறுபடி பஸ் ஏறி வரவேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குகிற நவம்பரில் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும்போது இந்தப் பிழைகள் இன்னும் கூடும்.

இதற்குக் கண்ணாடியை மாற்றுவதற்கு முன்னால் கணினியில் மாற்றவேண்டியது நிறைய இருக்கிறது. எழுத்தின் அளவை மாற்ற விண்டோஸில் ஒன்றுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. எதை எந்த வரிசையில் தொடுவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எழுத்து ஏன் சின்னதாகிறது

திரையில் இருப்பது புள்ளிகள். 14 அங்குலத் திரையில் 1366×768 புள்ளிகள் இருந்தால் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 112 புள்ளி வரும். பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பலவும் இந்தக் கணக்குதான். அதே 14 அங்குலத்தில் 1920×1080 வந்தால் 157 புள்ளி. 15.6 அங்குலம் என்றால் 141. மேசையில் வைக்கிற 21.5 அங்குல மானிட்டரில் அதே 1920×1080 என்றால் 102 மட்டும்தான்.

விண்டோஸ் ஆரம்பத்திலிருந்தே ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது, அதுதான் 100 சதவீதம். 16 புள்ளி உயரத்தில் வரைந்த ஒரு எழுத்து 102 புள்ளித் திரையில் ஒழுங்காகத் தெரியும், 157 புள்ளித் திரையில் அதே 16 புள்ளி மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குச் சுருங்கிவிடும். புள்ளி கூடக்கூட எழுத்து சின்னதாகும். இந்தச் சுருக்கத்தைச் சரிக்கட்டத்தான், எல்லாவற்றையும் சதவீதக் கணக்கில் பெரிதாக வரைகிற ஸ்கேலிங் இருக்கிறது.

ரெசல்யூஷனைக் குறைத்தால் என்ன ஆகிறது? 1920 புள்ளி உள்ள திரையில் 1366 புள்ளிப் படத்தை இழுத்து நிரப்பவேண்டியிருக்கிறது. ஒரு புள்ளிக்கு 1.4 புள்ளி என்று வருவதால் கோடுகள் இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுந்து சாம்பல் பூசிக்கொள்கின்றன. எழுத்து பெரிதாகும், தெளிவு போய்விடும்.

முதலில்: இப்போது இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

விண்டோஸ் பட்டனோடு ஐ அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே. அங்கே இருக்கிற ஸ்கேல் சதவீதத்தையும் ரெசல்யூஷனையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். மையத்தில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காருகிற கணினி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாலை ஷிப்டில் வருகிறவருக்கு எதுவுமே பிடிபடாது.

எழுத்து பொடியாக இருந்து செட்டிங்ஸையே படிக்க முடியவில்லை என்றால் விண்டோஸ் பட்டனோடு கூட்டல் குறியை அழுத்துங்கள், உருப்பெருக்கி வரும். வேலை முடிந்ததும் விண்டோஸ் பட்டனோடு எஸ்கேப் அழுத்தினால் போய்விடும்.

படி 1: ரெசல்யூஷனைத் திரும்ப அதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

டிஸ்பிளே ரெசல்யூஷன் பட்டியலில் பக்கத்திலேயே ரெக்கமண்டட் என்று ஒன்று போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், கீப் சேஞ்சஸ் கொடுங்கள். எழுத்து மறுபடி பொடியாகும். பதறவேண்டாம், அடுத்த படி அதற்குத்தான்.

படி 2: ஸ்கேல்

அதே பக்கத்தில் ஸ்கேல் இருக்கிறது. 100, 125, 150, 175 என்று வரும். 21.5 அங்குல மானிட்டருக்கு 100 போதும், வயதானவர் உட்கார்ந்தால் 125. 15.6 அங்குல 1920×1080 லேப்டாப்புக்கு 125. 14 அங்குல 1920×1080 என்றால் 150 வைக்கத் தயங்காதீர்கள்.

ஸ்கேலைக் கூட்டினால் எழுத்து, பட்டன், ஐகான், மெனு எல்லாமே சேர்ந்து பெரிதாகும். ஆனால் திரை பெரிதாகவில்லை, அதனால் வேலை செய்கிற இடம் குறையும். கணக்கு எளிது: புள்ளி எண்ணிக்கையை ஸ்கேலால் வகுக்கவேண்டும். 1920×1080 திரையில் 125 வைத்தால் 1536×864 இடம்தான் மென்பொருளுக்குக் கிடைக்கிறது, 150 வைத்தால் 1280×720.

பழைய லேப்டாப்பில் சிக்கல் வருவது இங்கேதான். 1366×768 திரையில் 125 வைத்தால் மிச்சம் 1093×614. பழைய பில்லிங் மென்பொருளில் ஒரு பெட்டி 700 புள்ளி உயரத்துக்கு எழுதப்பட்டிருந்தால் அதன் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். ‘தம்பி, ஓகே பட்டனையே காணோமே’ என்று போன் வருவது பெரும்பாலும் இதனால்தான். பட்டன் இருக்கிறது, டாஸ்க்பாருக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

அப்படி மாட்டிக்கொண்டால் ஆல்ட்டோடு ஸ்பேஸ் அழுத்துங்கள், ஒரு சின்ன மெனு வரும், அதில் எம் அழுத்தினால் மூவ். பிறகு மேல் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனால் பெட்டி திரைக்கு மேலே ஏறும், அடியில் இருக்கிற பட்டன் வெளியே வரும். மௌஸால் பெட்டியை அந்த உயரத்துக்கு மேல் தள்ளுவது கஷ்டம், விசைப்பலகைதான் வழி. சிலர் டேப் அழுத்தி அழுத்தி எண்டர் தட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பட்டனை அழுத்துவது பணம் கட்டுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

1366×768 திரைக்கு என் பரிந்துரை ஸ்கேல் 100, எழுத்துக்கு மட்டும் அடுத்த படி.

கஸ்டம் ஸ்கேலிங் என்று ஒன்று இருக்கிறது, 100 முதல் 500 வரை எந்த எண்ணும் போடலாம். அதில் போட்டால் கணினியோடு இணைத்த எல்லாத் திரைக்கும் அதே அளவு வந்துவிடும், லாக் அவுட் ஆகி உள்ளே வந்தால்தான் மாறும். பட்டியலில் இருக்கிற எண்களே போதும், இதை விட்டுவிடுங்கள்.

ஸ்கேலை மாற்றியதும் ஏற்கெனவே திறந்திருக்கிற மென்பொருள்களை மூடித் திறக்கவேண்டும். சிலது அதற்கும் மசியாது, லாக் அவுட் செய்து வந்தால் சரியாகிவிடும்.

படி 3: எழுத்தை மட்டும் பெரிதாக்குவது

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ். விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ், அதற்குள் டிஸ்பிளே. ஒரு நகர்த்தி இருக்கும், 100-லிருந்து 225 வரை போகும். இதில் பட்டனும் ஐகானும் அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் வளரும். மெனு, தலைப்புப் பட்டை, ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ் பக்கங்கள் எல்லாம் மாறும். எல்லா மென்பொருளும் இதைக் கேட்பதில்லை, தன் எழுத்து அளவைத் தானே வைத்துக்கொள்கிற மென்பொருள் அசையாது.

ஆபத்தும் அதே இடத்தில்தான். பெட்டியின் உயரம் வளராமல் உள்ளே இருக்கிற எழுத்து மட்டும் வளர்ந்தால் விளிம்பு வெட்டும். ஆங்கிலம் இதில் ஓரளவு தப்பித்துவிடும், தமிழ் தப்பிக்காது. ‘கி’, ‘கீ’ மேலே வளைகிறது, ‘கு’, ‘ளு’, ‘ழு’ கீழே இறங்குகிறது. மேலும் கீழும் இடம் கேட்கிற எழுத்து நம்முடையது. அதனால் 115, 120 வரை போய்ப் பாருங்கள், வெட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நேராக 200-க்குத் தள்ளாதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு எவ்வளவு வேண்டும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். விண்டோஸ் 8-லிருந்து திரை எழுத்துகளுக்குத் தமிழில் நிர்மலா யூஐ வருகிறது, அதற்கு முன்னால் லதா. எந்த எழுத்துருவாக இருந்தாலும் அளவு குறைந்தால் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கண்ணன்’ என்ற பெயரில் இரண்டு புள்ளி இருக்கிறது. பொடி எழுத்தில் அது ஒன்றிரண்டு திரைப்புள்ளியாகச் சுருங்கிவிடும், ரெசல்யூஷனும் குறைந்திருந்தால் சாம்பல் கறையாகி மறைந்தேவிடும். ‘கண்ணன’ என்று தட்டியிருந்தாலும் கண்ணுக்குச் சரியாகத்தான் படும்.

அடுத்தது ‘செ’, ‘சே’. கொம்பின் சுழியில்தான் வித்தியாசம், சின்ன அளவில் இரண்டும் ஒன்று. அப்புறம் ‘ரி’, ‘ரீ’. ‘ண’, ‘ன’ சொல்லவே வேண்டாம். பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றுக்கோ ஆதாரில் இருக்கிற பெயரையும் பத்திரத்தில் இருக்கிற பெயரையும் ஒப்பிடும்போது இவ்வளவும் தெரியவேண்டும். சர்வே எண்ணும் அப்படித்தான், 118/2ஏ1 என்பதில் உட்பிரிவின் எழுத்து ஆங்கிலத்தில் வரும், அதையடுத்து வருகிற ஒன்று ஆங்கில எல் மாதிரியும் ஐ மாதிரியும் தெரியும்.

ஒரு சோதனை செய்யுங்கள். நோட்பேடில் ‘கண்ணன், கண்ணன, சேகர், செகர், கிரி, கீரீ, 118/2ஏ1’ என்று ஒரே வரியில் அடியுங்கள், அந்த ஏ-வை மட்டும் ஆங்கில எழுத்தாகவே போடுங்கள். வழக்கமாக உட்காருகிற தூரத்தில், வழக்கமான கண்ணாடியோடு, முன்னால் குனியாமல் படித்துப் பாருங்கள். தயக்கம் வந்தால் அளவு போதவில்லை. ஆங்கிலத்துக்குப் பழகிய அளவைவிட ஒரு படி மேலே வைத்தால்தான் தமிழுக்கு வசதி என்பது என் கருத்து. ஸ்டார்ட் மெனுவில் கிளியர்டைப் என்று தேடி, அது கேட்கிற கேள்விகளுக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தின் விளிம்பு இன்னும் நன்றாக இருக்கும். மங்கலாகத் தெரிகிறது என்று சொல்கிறவர்களிடம் படி 1 முடிந்ததும் நான் செய்யச் சொல்வது இதைத்தான்.

படி 4: பிரவுசர்

இன்றைக்கு வேலையில் பெரும்பகுதி பிரவுசரில்தான். கண்ட்ரோலோடு கூட்டல் அழுத்தினால் பெரிதாகும், கழித்தல் அழுத்தினால் சிறிதாகும், பூஜ்யம் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். குரோம் இதைத் தளத்துக்குத் தளம் நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் ஒரு தளத்தில் 125 வைத்தால் மற்ற தளங்கள் கெடாது. தினமும் திறக்கிற அரசுத் தளங்களுக்கு ஒரு தடவை வைத்துவிட்டால் போதும்.

இதிலும் இடக் கணக்கு உண்டு. 1366 திரையில் ஸ்கேல் 125, பிரவுசர் ஜூம் 150 என்றால் 1366-ஐ 1.25-ஆல் வகுத்து, மறுபடி 1.5-ஆல் வகுக்கவேண்டும், மிச்சம் 728 புள்ளி அகலம். பல தளங்கள் 768-க்குக் கீழே போனால் இது மொபைல் என்று நினைத்துக்கொண்டு மேலே இருக்கிற மெனுவை மூன்று கோட்டுக்குள் மடித்துவிடும். ‘நேற்று இருந்த மெனுவை இன்றைக்குக் காணோம்’ என்றால் தளத்தில் கோளாறு என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஜூமைப் பாருங்கள்.

எழுத்து மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் குரோம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் பகுதியில் ஃபாண்ட் சைஸ் இருக்கிறது. நடுத்தரம் என்பது 16 புள்ளி. ஆனால் எழுத்தின் அளவைப் புள்ளியிலேயே இறுக்கி எழுதியிருக்கிற தளங்களில் இது வேலை செய்யாது, ஜூம்தான் கைகொடுக்கும். கஸ்டமைஸ் ஃபாண்ட்ஸுக்குள் மினிமம் ஃபாண்ட் சைஸ் என்று ஒரு நகர்த்தி உண்டு, அதை 13, 14-க்குக் கொண்டுவந்தால் எந்தத் தளமும் அதற்குக் கீழே எழுத முடியாது. படிவங்களின் அடியில் பொடியாக இருக்கிற நிபந்தனைகளைப் படிக்க இது நல்ல வழி.

படி 5: ஸ்கேலுக்கு மசியாத பழைய மென்பொருள்

ஸ்கேலை ஏற்றியதும் ஒரு மென்பொருள் மட்டும் மங்கலாகும், அல்லது ஒரு மென்பொருள் மட்டும் பொடியாகவே இருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு. தனக்கு ஸ்கேலிங் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற மென்பொருளை விண்டோஸ் 100-ல் வரையவைத்து, அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால் மங்கல். தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாத மென்பொருளை விண்டோஸ் தொடுவதில்லை, அதனால் பொடி. போட்டோஷாப் சிஎஸ்6 இரண்டாவது வகை. ஜாவா 8 வரைக்கும் ஜாவாவில் எழுதிய மேசைக் கணினி மென்பொருள்களும் பெரும்பாலும் அப்படித்தான், ஜாவா 9-ல்தான் இதற்கு வழி வந்தது. அரிசி ஆலைகளில் இன்னும் ஓடுகிற, விஷுவல் பேசிக் 6-ல் எழுதிய பில்லிங் மென்பொருள்கள் முதல் வகை. சில அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கிற பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்கு இந்தக் காலத்துத் திரையே தெரியாது.

செய்யவேண்டியது: மென்பொருளின் ஐகான்மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அடியில் ஓவர்ரைடு என்று ஒரு கட்டம், அதை டிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும். அப்ளிகேஷன் என்றால் விண்டோஸ் தலையிடாது, எழுத்து தெளிவாக ஆனால் பொடியாக வரும். சிஸ்டம் என்றால் இழுத்துப் பெரிதாக்கும், அளவு சரி, கொஞ்சம் மங்கல். சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்றால் பழைய முறையில் எழுதிய மென்பொருளின் எழுத்தைப் பெரிய அளவில் புதிதாக வரைந்துகொடுக்கும். 2017-ல் விண்டோஸ் 10-ல் வந்த வசதி இது, பழைய பில்லிங் மென்பொருளுக்கு முதலில் இதைத்தான் போட்டுப் பார்க்கவேண்டும். சரிப்பட்டால் தெளிவும் அளவும் இரண்டும் கிடைக்கும், சில மென்பொருளில் படங்கள் கோணலாகும், அப்போது சிஸ்டத்துக்கு மாறிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் மென்பொருளை மூடித் திறந்துதான் பார்க்கவேண்டும்.

பொடியாகத் தெரிகிற மென்பொருளுக்கும் இதே இடம்தான், சிஸ்டம் தேர்ந்தெடுத்தால் பெரிதாகும்.

இரண்டு திரை, டிவி

கடையில் ஒரு லேப்டாப், வாடிக்கையாளர் பார்க்க ஒரு மானிட்டர் என்று வைப்பது பெருகியிருக்கிறது, நல்ல பழக்கம், தன் பெயரை அவரே சரிபார்த்துவிடுவார். விண்டோஸ் 10-லும் 11-லும் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேல் வைக்கலாம். டிஸ்பிளே பக்கத்தில் மேலே 1, 2 என்று எண் போட்ட படங்களில் ஒன்றைக் கிளிக் செய்துவிட்டு ஸ்கேலை மாற்றினால் அந்தத் திரைக்கு மட்டும் மாறும். வாடிக்கையாளர் திரைக்கு 150 வையுங்கள், அவர் தள்ளி நின்றுதான் பார்ப்பார். பழைய மென்பொருளை ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் மங்கலாகலாம், அதை அதிகம் பயன்படுத்துகிற திரையை மெயின் டிஸ்பிளே ஆக்கி, லாக் அவுட் செய்து வாருங்கள். டிவியை இணைத்து ஓரம் வெட்டினால் அது ஸ்கேலிங் பிரச்சினை இல்லை, டிவியின் சொந்தப் பட அளவு மெனுவில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் மாதிரி ஒன்று இருக்கும்.

பிரிண்ட் மாறாது

ஸ்கேலையோ பிரவுசர் ஜூமையோ வேர்டின் ஜூமையோ கூட்டினால் பிரிண்டும் பெரிதாகும் என்ற பயத்திலேயே பலர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். வேர்டில் 12 பாயிண்ட் என்று வைத்த எழுத்து திரையில் எந்த அளவில் தெரிந்தாலும் தாளில் 12 பாயிண்ட்தான். பிரிண்ட் அளவு மாறுவது பிரிண்ட் பெட்டிக்குள் இருக்கிற ஃபிட், ஆக்சுவல் சைஸ், ஸ்கேல் என்ற தேர்வுகளால். எக்செல்லில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஸ்கேல் மாறினால் பத்தியின் (நெடுவரிசையின்) அகலம் புள்ளிக் கணக்கில் லேசாக மாறும், எண் இருக்கவேண்டிய இடத்தில் சில நேரம் ##### வரும். பத்தியைக் கொஞ்சம் அகட்டிவிட்டு, பிரிண்ட் பிரிவியூ பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மொபைல்

ஆண்ட்ராய்டில் டிஸ்பிளே பகுதியில் ஃபாண்ட் சைஸ், டிஸ்பிளே சைஸ் என்று இரண்டு நகர்த்தி இருக்கும். முன்னது எழுத்தை மட்டும், பின்னது எல்லாவற்றையும். ஆண்ட்ராய்டு 14-ல் எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டலாம், ஏற்கெனவே பெரிதாக இருக்கிற தலைப்புகளை அது அதே அளவுக்கு ஊதாமல் பார்த்துக்கொள்கிறது. ஐபோனில் டிஸ்பிளே அண்ட் பிரைட்னஸுக்குள் டெக்ஸ்ட் சைஸ். ஆண்ட்ராய்டில் வாட்ஸப்புக்கு அதன் சாட் அமைப்புகளிலேயே தனி எழுத்து அளவு உண்டு.

அப்பா அம்மாவுக்கு வைத்துக்கொடுக்கும்போது ஃபாண்ட் சைஸை உச்சத்துக்குத் தள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர்கள் தினமும் திறக்கிற செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்களைப் பாருங்கள். மேட்டூருக்கு வருகிற தண்ணீர் 12,500 கன அடி என்றிருக்கவேண்டியது ‘12,5’ ஒரு வரியிலும் ‘00’ அடுத்த வரியிலுமாக உடைந்தால் படிக்கிறவர் குழம்புவார். பணம் அனுப்புகிற திரையில் தொகையின் கடைசி இலக்கம் வெட்டினால் அதைவிட மோசம். எண் உடைகிற இடம் வந்தால் ஃபாண்டை ஒரு படி இறக்கி, டிஸ்பிளே சைஸை ஒரு படி ஏற்றுங்கள். எழுத்தைத் தடிமனாக்குகிற போல்டு டெக்ஸ்ட் வசதியும் இருக்கிறது, வயதான கண்ணுக்குப் பெரிய எழுத்தைவிடத் தடித்த எழுத்து சில நேரம் நன்றாகப் பிடிபடுகிறது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஆலைக்கும் சங்கத்துக்கும் மென்பொருள் எழுதிக்கொடுக்கிற தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இது அவர்களுக்கு. விண்டோஸ் மென்பொருள் என்றால் மேனிஃபெஸ்டில் பெர் மானிட்டர் வி2 என்று, அதாவது ஒவ்வொரு திரையின் ஸ்கேலுக்கும் மென்பொருளே தன்னை மாற்றிக்கொள்ளும் என்று, அறிவியுங்கள், டாட்நெட் 4.7-லிருந்து விண்டோஸ் ஃபார்ம்ஸுக்கும் இது கிடைக்கிறது. அறிவித்துவிட்டுச் செய்யாமல் விட்டால் பொடி எழுத்துதான் மிஞ்சும். வலைத்தளத்தில் எழுத்து அளவை ரெம் கணக்கில் எழுதுங்கள், ஆண்ட்ராய்டில் எஸ்பி-யில் எழுதுங்கள், இரண்டும் பயன்படுத்துகிறவர் வைத்த எழுத்து அளவோடு சேர்ந்து வளரும். பெட்டிக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். இணைய அணுகல் விதியான டபிள்யூசிஏஜி, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ போய்விடக்கூடாது என்கிறது, அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு ஆங்கிலப் பெயர்களைப் போடாமல் நம் ஊர்ப் பெயர்களைப் போடுங்கள். திருத்துறைப்பூண்டி, திருவிடைமருதூர், திருக்காட்டுப்பள்ளி. வருவாய்க் கிராமங்களில் வடபாதி, தென்பாதி, முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று பெயரின் வாலில்தான் வித்தியாசம் வரும். 100-ல் ஒழுங்காகத் தெரிந்த பட்டியல் 125-ல் வாலை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிட்டால் இரண்டு கிராமமும் ஒன்றாகத் தெரியும், ஆபரேட்டர் எதைத் தொட்டாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் தவறான கிராமம். பட்டியலின் அகலத்தை உள்ளே இருக்கிற நீளமான பெயருக்கு ஏற்ப விரியும்படி எழுதுங்கள், அது முடியாத இடத்தில் பெயரை இரண்டாவது வரிக்கு மடியவிடுங்கள், பிறகு 1366×768 திரை ஒன்றில் 125-லும் 150-லும் வைத்து எல்லாப் பெட்டிகளையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஆளுக்குக் கொடுங்கள்.